வாசகர் கேள்வி, அக்கா பதில்: சத்தி நிண்ட பிறகு புள்ளக்கி என்ன குடுக்கிற?

கேள்வி: அக்கா, என்ட மகனுக்கு பத்து மாசம். போன கிழமை சத்தியும் வயித்தோட்டமும் வந்து ஆஸ்பத்திரியில வச்சிருந்து விட்டாங்க. சத்தி நிண்டுட்டு, ஆனா இன்னும் நாளைக்கு நாலஞ்சு தரம் தண்ணியாத்தான் போறான். மாமி சொல்றா தாய்ப்பால் குடுக்காத, கஞ்சித் தண்ணியும் பிஸ்கட்டும் போதும், குடல் ஆறட்டும் எண்டு. பக்கத்து வீட்டு அக்கா லாக்டோஸ் இல்லாத பால்மா வாங்கச் சொல்றா. இவர் பார்மசியில கேட்டு வயித்தோட்டம் நிப்பாட்டுற குளிசை வாங்கி வந்திரிக்கார். புள்ள மெலிஞ்சு போய்ட்டான், பாக்க ஏலாம இருக்கு. என்ன செய்ய?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் குளிசைய எடுத்து அலுமாரிக்கு மேல வைங்க, புள்ளக்கி குடுக்கவே வேணாம். லோபரமைட் எண்டு வாற அந்த மாதிரி மருந்துகள் குடல் அசையிறத்தான் நிப்பாட்டும், கிருமிய ஒண்டும் செய்யாது, சின்னப் புள்ளையளுக்கு அது ஆபத்து. அன்டிபயோட்டிக்கும் அப்பிடித்தான், இந்த வயசில வாற வயித்தோட்டத்தில கனக்க வைரஸால வாறது, அதுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, ரத்தம் கலந்து போற மாதிரி சில நேரத்தில மட்டும் டொக்டர் பாத்துட்டு எழுதுவார்.

ரெண்டாவது தாய்ப்பால். நிப்பாட்டவே வேணாம், கேக்கிற நேரமெல்லாம் குடுங்க, ராவையிலயும் குடுங்க. மாமி சொல்றதும் புள்ளயில உள்ள பாசத்திலதான், முந்தி எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் செஞ்சவங்க, அதுக்காக சண்டை பிடிக்க வேணாம். ஆனா உள்ளுக்குள்ள நடக்கிறது என்னெண்டா, வைரஸ் குடலுக்குள்ள சாப்பாட்ட உறிஞ்சிற மெல்லிய தோல உரிச்சுப் போட்டுட்டு போயிரிக்கி. அந்தத் தோல் திரும்ப வளரணும், வளர சாப்பாடு வேணும். பட்டினி போட்டா குடல் ஆறாது, இன்னும் சுணங்கும். வயித்தோட்டத்தில மெலியிறத விட வயித்தோட்டம் எண்டு சொல்லி நாங்க சாப்பாட்ட குறைக்கிறதால மெலியிற புள்ளையள்தான் கூட, இத நான் வார்ட்டில நிண்ட காலம் முழுக்கப் பாத்திரிக்கன்.

அதால மாமிட்டயே கஞ்சி வேலையக் குடுங்க, ஆனா தண்ணிய வடிச்சுக் குடுக்கிற கஞ்சி இல்ல, கரண்டியில எடுத்தா வழுக்கி விழாத பதத்தில. அரிசியும் பருப்பும் குழைய அவிச்சு மசிச்சு அதில ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணயோ பட்டரோ விடுங்க, சின்ன வயித்துக்குள்ள கனக்க சக்தி போறதுக்கு எண்ணெய்தான் வழி. உருளைக்கிழங்கு, பூசணிக்காய், பழுத்த வாழைப்பழம், அவிச்ச முட்டை, முள்ளு பாத்து எடுத்த பாரைமீன், இதெல்லாம் முந்தி சாப்பிட்டுப் பழகின புள்ள எண்டா திரும்பத் தொடங்குங்க. நம்பின இடத்துத் தயிர் ஒரு கரண்டி சோத்தோட குழைச்சும் குடுக்கலாம். ஒரேயடியா கோப்பை நிறைய நீட்டினா முகத்த திருப்புவான், ரெண்டு மூண்டு கரண்டி தின்டுட்டு போதும் எண்டா விட்டுட்டு, மறுகா ரெண்டு மணித்தியாலத்தில திரும்ப வைங்க. வழமையா குடுக்கிற நேரத்துக்கு மேல ஒரு சாப்பாடு கூட, அத ரெண்டு கிழமைக்கு விடாமச் செய்யணும். அப்பதான் மெலிஞ்சது திரும்ப ஏறும். பிஸ்கட்டால ஏறாது.

லாக்டோஸ் இல்லாத பால்மாவுக்கு இப்ப காசு செலவழிக்காதீங்க. குடல் தோல் உரிஞ்ச நேரத்தில பாலில இருக்கிற சீனி, அதான் லாக்டோஸ், கொஞ்ச நாளைக்கு சரியா செமிக்காது, மலம் புளிச்ச மணத்தோட போகும், பின்பக்கம் சிவந்து எரியும், ஆனா கனக்க புள்ளையளுக்கு அது தன்பாட்டில மாறிடும், தாய்ப்பால் குடுக்கிற புள்ளக்கி மாத்தத் தேவையே இல்ல. சிவந்த இடத்துக்கு வெறும் தண்ணியால கழுவி ஒத்தி எடுத்து காயவிட்டு சிங்க் கிரீம் பூசுங்க. கொஞ்ச நேரம் பேம்பர்ஸ் இல்லாம விடுங்க.

அந்த பேம்பர்ஸ பத்தி இன்னொண்டு. தண்ணி மலமும் மூத்திரமும் ஒண்டாக் கலந்து உறிஞ்சினா புள்ள மூத்திரம் பெய்தானா இல்லையா எண்டு தெரியாது, இந்த நாளையில அத தெரிஞ்சு கொள்றது முக்கியம். பகலில பழைய சீலைத் துண்டு கட்டி விடுங்க, நனைஞ்சா கண்ணுக்குத் தெரியும்.

ஜீவனி, அதான் வயித்தோட்டத்துக்குத் தண்ணியில கரைச்சுக் குடுக்கிற உப்பு-சீனித் தூள் (ORS), இன்னும் குடுக்கிறீங்களா? தண்ணியா போறது நிக்கிற மட்டும் குடுக்கணும். ரெண்டு வயசுக்குக் கீழ எண்டா ஒவ்வொரு தரம் போன பிறகும் 50 முதல் 100 மில்லி. கலக்கிற விசயத்தில மட்டும் கை அளவு, கண் அளவு எல்லாம் வேணாம். பாக்கெட்டில எத்தன லீட்டர், மில்லி எண்டு போட்டிருக்கோ அந்த அளவு கொதிச்சாறின தண்ணியில முழுப் பாக்கெட்டையும் கொட்டணும், பாதியப் பிரிச்சு ஒரு கிளாஸில போட்டா உப்புக் கூடிப் போய் புள்ளக்கி கேடு. சீனி, பால், சோடா ஒண்டும் சேர்க்க வேணாம், கலக்கினத 24 மணித்தியாலத்துக்கு மேல வச்சிருக்கவும் வேணாம். திரும்ப சத்தி எடுத்தா பயப்படாம பத்து நிமிசம் பொறுத்து, மறுகா தேக்கரண்டியால தொடங்குங்க. ரெண்டு நிமிசத்துக்கு ஒரு தேக்கரண்டி எண்டா ஒரு மணித்தியாலத்தில 150 மில்லி உள்ள போயிடும், போத்தலால ஒரே மூச்சில குடுத்தா அவ்வளவும் வெளிய வந்திடும். பொறுமை வேணும், வீட்டில ஆக்கள் மாறி மாறி இருந்து குடுங்க.

ஆஸ்பத்திரியில சிங்க் குளிசை தந்திருப்பாங்க, ஆறு மாசத்துக்கு மேல எண்டா நாளைக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். வயித்தோட்டம் நிண்டாலும் இடையில விட வேணாம், கொஞ்சம் தாய்ப்பாலில கரைச்சுக் குடுக்கலாம். தரல்லை எண்டா டொக்டரிட்ட கேளுங்க.

தண்ணியா போறது அஞ்சு, ஏழு நாள் இழுக்கிறது வழமை. ரெண்டு கிழமை தாண்டினா கட்டாயம் காட்டணும். ஆனா கண் உள்ளுக்கு போய், அழுதா கண்ணீர் வராம, ஆறு மணித்தியாலமா மூத்திரம் பெய்யாம, உச்சிக்குழி பதிஞ்சு, வயித்துத் தோல நுள்ளி விட்டா மெதுவாத் திரும்பிப் போனா, இல்லாட்டி புள்ள சோர்ந்து குடிக்கவே ஏலாமக் கிடந்தா, மலத்தில ரத்தமோ சத்தியில பச்சையோ கண்டா, இதில எது ஒண்டு இருந்தாலும் ஒரு நிமிசமும் யோசிக்க வேணாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாவூறு கழிக்கிறது, தண்ணி ஓதுறது எல்லாம் பிறகு பாக்கலாம். வாகனம் இல்லாட்டி 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசில்லாம வரும், போற வழியிலயும் ஜீவனி கரண்டியால குடுத்துக் கொண்டு போங்க. இப்ப நீங்க எழுதினதப் பாத்தா அந்த நிலைமை இல்ல. ரெண்டு கிழமையால கிளினிக்குக்கு புள்ளட வளர்ச்சிக் கார்ட்டக் கொண்டு போய் நிறை பாருங்க, அதில நிறைக் கோடு ஏறுதா எண்டு மிட்வைஃப் மிஸ்ஸிட்ட கேளுங்க.

கேள்வி: மகளுக்கு ஒரு வயசு. வயித்தோட்டத்துக்கு ஜீவனி குடிக்கிறா இல்ல, துப்புறா. உம்மா செவ்விளநி குடுக்கச் சொல்றா, அது போதுமா? பல்லு முளைக்கிறதாலதான் போகுது எண்டும் சொல்றாங்க.
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: செவ்விளநி கொஞ்சம் குடுக்கலாம், புதுசா வெட்டினது, சுத்தமான கிளாஸில. ஆனா அதில பொட்டாசியம்தான் கூட, வயித்தோட்டத்தில கனக்க வெளிய போறது சோடியம், அது இளநியில குறைவு. அதால ஜீவனிக்குப் பதிலா அத மட்டும் நம்பி இருக்க ஏலா. ஜீவனிய குளிர வச்சுக் குடுத்துப் பாருங்க, கரண்டியில துப்பினா ஊசி இல்லாத சிரிஞ்சால கன்னத்துப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. தண்ணி வத்தின புள்ள அனேகமா வாங்கிக் குடிக்கும், துப்புற புள்ள சில நேரம் நல்லா இருக்கிற புள்ள, மற்ற அடையாளங்களையும் பாருங்க. ஒரேஞ் சோடா, குளுக்கோஸ் மட்டும் வேணவே வேணாம், சீனி கூடினா குடலுக்குள்ள தண்ணிய இன்னும் இழுத்து வயித்தோட்டத்தக் கூட்டும்.

பல்லு முளைச்சு தண்ணியா போறதில்ல. அந்த வயசில புள்ள தவழும், கையில பட்டதெல்லாம் வாயில வைக்கும், கிருமி அப்பிடித்தான் போகுது. பல்லு எண்டு பாத்துக் கொண்டு ஜீவனி குடுக்காம இருக்கிறதுதான் எனக்குப் பயம்.

கேள்வி: புள்ளக்கி வயித்தோட்டம் நிண்டுட்டு. எப்ப டே கெயாருக்கு விடலாம்? நான் வேலைக்குப் போகணும்.
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: கடைசியாத் தண்ணியா போனதில இருந்து 48 மணித்தியாலம் கழியட்டும். வயித்தோட்டம் நிண்ட பிறகும் மலத்தில வைரஸ் கொஞ்ச நாள் வந்து கொண்டிருக்கும், அதால டே கெயார் மிஸ்ஸிட்டயும் மறைக்காமச் சொல்லுங்க, சீலை மாத்தின கைய சோப்பு போட்டுக் கழுவட்டும், சனிட்டைசர் மட்டும் போதாது.