சளி பிடிக்காமல் இருக்க இத்தனை மாத்திரை வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 61. ஈசூனில் மகன் வீட்டில் இருக்கிறேன். சைவம். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. பாலர் பள்ளிக்குப் போகும் பேரனிடமிருந்து எனக்கும் அடிக்கடி சளி ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்புச் சக்திக்காக மகன் நான்கு மாதமாக வாங்கித் தருபவை: தண்ணீரில் கரையும் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், ஸிங்க் 50 மில்லிகிராம், அப்புறம் ஸிங்க் 15 மில்லிகிராம் உள்ள ஒரு மல்டிவைட்டமின். கொஞ்ச நாளாகக் குமட்டுகிறது. தொடரலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த ஸிங்க் மாத்திரையை நிறுத்துங்கள். உங்கள் குமட்டலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இன்னும் கூடும். பெண்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 8 மில்லிகிராம். 40-க்கு மேல் போகக்கூடாது. உங்களுக்கு இரண்டு புட்டியும் சேர்ந்து 65 ஆகிறது. மாதக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டால், உணவிலுள்ள செம்புச் சத்தைக் குடல் ஈர்ப்பது குறைந்துபோகும். செம்பு குறைந்தால் ரத்தசோகை வரும், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களும் குறையும். எதற்காகச் சாப்பிடுகிறீர்களோ அதையே கெடுத்துவிடும். அதனால் ஒரு முழு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வைட்டமின் சி தினமும் சாப்பிட்டாலும் சளி வருவது குறைவதில்லை. வந்த சளி சற்றுச் சீக்கிரம் விடுகிறது, பெரியவர்களுக்கு ஏறக்குறைய 8 விழுக்காடு. ஒரு வாரச் சளியில் அரை நாள் மிச்சம், அவ்வளவுதான். தும்மல் ஆரம்பித்த பிறகு சாப்பிட்டால் அதுவும் சொல்லும்படி இல்லை. தேக்காவில் வாங்கும் ஒரு கொய்யாப்பழத்திலேயே அன்றைய தேவைக்கு மேல் கிடைத்துவிடும். எனக்கு அதைவிடக் கவலை, நுரைத்துக் கரையும் அந்த மாத்திரைதான். பல வகைகளில் ஒரு மாத்திரைக்குச் சில நூறு மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு இதைத் தினமும் குடித்தால் ரத்த அழுத்தத்துக்கு என்ன பயன்? இதையும் விட்டுவிடுங்கள்.

மல்டிவைட்டமின் இருக்கட்டும், பெரிய தீங்கில்லை. பெரிய பலனையும் எதிர்பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் இத்தகைய சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை, விற்பவர்தான் பொறுப்பு. கடையில் இருக்கிறது என்பதற்காக யாரோ சோதித்துப் பார்த்து அனுமதித்தார்கள் என்று மகன் நினைக்க வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். சைவம் என்பதால் உங்களுக்கு இன்னும் சாத்தியம். பாதத்தில் மதமதப்பு, எரிச்சல் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வைட்டமின் டி-யையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் அது எப்படிக் குறையும் என்பார்கள். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும், நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கும் குறைவது சகஜம். சோதனையில் குறைவு தெரிந்தால் மட்டும் மாத்திரை. அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். டி உடம்பில் தங்கிவிடும், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்.

அப்புறம், ஊசி. நீரிழிவு இருப்பதால் ஆண்டுதோறும் போடும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும், நிமோனியாவை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் உங்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்து அரசாங்கத்தின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் உங்கள் மருந்தகத்தில் இவை இலவசம். சாதாரணச் சளியை ஊசி தடுக்காது. ஆனால் உங்களை மருத்துவமனையில் படுக்க வைக்கக்கூடிய நோய்களிலிருந்து காப்பாற்றும் வாய்ப்பு, அந்த மூன்று புட்டியையும் விட இதற்குத்தான் அதிகம்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது புட்டிகளைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். சளியோடு காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, சர்க்கரை திடீரென்று ஏறினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.