ஆன்டெனாக்கள் ஏன் வரிசையாக நிற்பதில்லை?

கேள்வி: புனே அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கியின் வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மாந்தோப்புகளில் கன்று நடுவதுபோல் சம இடைவெளியில் நிறுத்தாமல், ஆன்டெனாக்களை ஏன் சிதறலாக வைத்திருக்கிறார்கள்?
– வாசகி, போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தோப்பில் ஒவ்வொரு மரமும் தனித்தனியே காய்க்கிறது, இங்கோ பலன் தருவது ஒவ்வோர் இணை ஆன்டெனாவுக்கும் இடையிலுள்ள தொலைவும் திசையும்தான். நெருங்கிய இணைகள் வானில் பரந்து கிடக்கும் வாயு மேகங்களையும், விலகிய இணைகள் நுண்ணிய விவரங்களையும் பதிவு செய்கின்றன என்பதால், வெவ்வேறான இடைவெளிகள் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கின்றனவோ அவ்வளவுக்குப் படம் நம்பத் தக்கதாகிறது.

காகிதத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நான்கு ஆன்டெனாக்களை 0, 1, 2, 3 என்னும் இடங்களில் வைத்தால் ஆறு இணைகள் இருந்தும் 1, 2, 3 ஆகிய இடைவெளிகள் மட்டுமே திரும்பத் திரும்ப வரும். 0, 1, 4, 6 என்று வைத்தாலோ 1 முதல் 6 வரை எல்லா இடைவெளிகளும் ஒவ்வொரு முறை கிடைத்துவிடும். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. சம இடைவெளியில் இன்னொரு தீங்கும் உண்டு: ரேடியோ அலைகளை வீசும் பிரகாசமான ஒரே வான்பொருள் (மூலம்), படத்தில் பல இடங்களில் பொய்யாகத் தோன்றும்.

நீங்கள் பார்த்த கோடாட் தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் உள்ளன. அவற்றுள் 14 நடுவில் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டருக்குள் சிதறியிருக்க, மற்ற 16 மூன்று கைகளாக நீள்கின்றன. மிக நீண்ட இடைவெளி சுமார் 25 கிலோமீட்டர். மொத்தம் 435 இணைகள். தென்னாப்பிரிக்காவின் ஹெரா போன்ற சில ரேடியோ தொலைநோக்கிகளில், கருவிப் பிழைகளைக் கண்டறிய உதவும் என்பதற்காகவே ஒரே இடைவெளி பலமுறை வரும்படி ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள். அது வேறு தேவை.

கேள்வி: பூமி சுழல்வதால் இணைகளின் திசை தானாகவே மாறுமே, கிழக்கு மேற்காக ஒரே கோட்டில் வைத்தால் போதாதா?
– கல்லூரி மாணவர், அரூர், தருமபுரி மாவட்டம்

பதில்: துருவத்தை ஒட்டிய வானுக்குப் போதும், நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கி அப்படி அமைந்ததே. வானிலுள்ள மூலத்திலிருந்து பார்த்தால், சுழற்சியின் காரணமாக ஒவ்வோர் இணையும் ஒரு நீள்வட்டத்தை வரைகிறது. மூலம் வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் அமையும் கோடு) நெருங்க நெருங்க அந்த நீள்வட்டம் தட்டையாகி, கடைசியில் வெறும் கோடாகிவிடும். தருமபுரி சுமார் 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால், உங்கள் தலைக்கு நேர் மேலே கடக்கும் மூலங்களுக்கு அந்த நீள்வட்டத்தின் அகலம் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். வடக்கு தெற்குத் திசையில் விவரம் மங்கிப்போகும். ஆகவே நம் அட்சத்தில் வடக்கு நோக்கியும் ஒரு கை கட்டாயம் வேண்டும். தொப்பூர் மலைப் பகுதி போன்ற நிலத்தில் கணக்கு காட்டும் இடம் பாறையாகவோ ஓடையாகவோ இருக்கக்கூடும் என்பதால், ஆன்டெனாவைச் சற்று நகர்த்தி, இடைவெளிகள் அனைத்தையும் மறுபடி கணக்கிட்ட பிறகே அஸ்திவாரம் தோண்டுவார்கள்.