ஊருணியிலும் ஓதம் உண்டா?

கேள்வி இது: பொமரேனியன் மாதிரிக் குட்டி நாய்க்கும் பெரிய நாய்க்கு உள்ளதெல்லாம் இருக்கிறது. அதுபோல, குளம் குட்டைகளிலும் கடலைப் போலக் குட்டியாக ஓதம், அதாவது நிலாவின் இழுப்பால் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவது, இருக்குமா?

இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். பௌர்ணமிக்கு ஊருணித் தண்ணீர் ஏறும் என்று அப்பத்தா சொல்வார்கள். எட்டாவது படிக்கும்போது ஒரு சித்திரை பௌர்ணமியன்று படித்துறைச் செம்புறாங்கல்லில் அடுப்புக்கரியால் கோடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே கிடந்தது. அந்த ஏமாற்றம்தான் இதைத் தேடிப் படிக்க வைத்தது.

நிலா இழுப்பதால் மட்டும் ஓதம் வந்துவிடாது. பூமியின் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவும், 12,700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் குறைவாகவும் இழுக்கிறதே, அந்த வித்தியாசம்தான் காரணம். அது மிகச் சின்னது, பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு. தண்ணீரின் மேல்மட்டம் சாய்வதும் அதே கணக்கில்தான். 100 மீட்டர் அகல ஊருணியில் ஒரு கரைக்கும் எதிர்க்கரைக்கும் ஏற்படும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன்கூட அதைவிடப் பல மடங்கு. கோடை வெயிலில் ஒரே நாளில் ஐந்தாறு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். என் கரிக்கோடு காட்டியது அதைத்தான். அப்புறம், காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதும் சேர்ந்துகொள்ளும். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி 560 கிலோமீட்டர் நீளம். அங்கேயே ஓதம் 5 சென்டிமீட்டரைத் தாண்டாது.

நாய் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதிலும் எல்லாமே ஒன்றுபோலச் சுருங்குவதில்லை. பெரிய நாய்க்கும் 42 பல், குட்டி நாய்க்கும் 42 பல். அக்கா வீட்டுப் பொமரேனியனுக்கு வாய் கொள்ளாமல் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிலவற்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பாவம், இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. ஊருணி விஷயம் வேறு. நிலாவின் இழுப்பில் குறைவில்லை, அந்த இழுப்பு வித்தியாசப்படுவதற்கு அகலம்தான் போதவில்லை.

சரி, கடலாகவே இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. நம் தொண்டிக் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குஜராத்தில் பாவ்நகர்ப் பக்கம் 10 மீட்டருக்கு மேல் போகும். அங்கே வளைகுடா புனல் மாதிரிக் குறுகிக்கொண்டே போவதால் வந்த தண்ணீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர்வரை ஏறும். அந்த வளைகுடாத் தண்ணீர் தானாக ஆடும் தாளமும், ஓதம் வந்து போகும் 12 மணி 25 நிமிடமும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலத்தான்.

அதனால் அப்பத்தா சொன்னதில் பிழையில்லை. அமாவாசைக்கும் அதே அளவு ஏறும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.