வாசகர் கேள்வி – பதில்: அடக்கி வாசிக்கும் ஜெர்மன்காரர்

'ஷைன்' படத்தில் பியானோக் கலைஞனின் அப்பாவாக வரும் கிழவர் யார்? வேறு எதில் நடித்திருக்கிறார்?
– வாசகர், மயிலாப்பூர்

ஆர்மின் முல்லர்-ஷ்டால். 'ஸ்டால்' என்று டீக்கடை மாதிரி சொல்லிவிடாதீர்கள். 'ஷ்டால்' என்றால் ஜெர்மனில் எஃகு. 1930 டிசம்பர் 17 அன்று டில்சிட்டில் பிறந்தார். அன்று அது கிழக்கு பிரஷ்யா, இன்று ரஷ்யாவில் சோவியெத்ஸ்க் என்று பெயர். முதலில் படித்தது வயலின், நடிப்புக்கு வந்தது அதன் பிறகு. 1952-இல் கிழக்கு பெர்லினில் மேடையேறி, 1954 முதல் 'ஃபோல்க்ஸ்ப்யூனே' என்ற மக்கள் அரங்கில் ஏறக்குறைய 25 ஆண்டுகள் இருந்தார்.

அவர் தொழிலை மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கியவர். கிழக்கு ஜெர்மனியில் 'ஓநாய்களிடையே நிர்வாணம்' (1963) போன்ற படங்கள். 1980-க்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் 'லோலா' (1981). 60 வயதை நெருங்கும்போது ஹாலிவுட்: 'மியூசிக் பாக்ஸ்' (1989), 'அவலான்' (1990). 'ஷைன்' (1996) படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை.

அந்தப் படத்தில் அப்பா தன் சின்ன வயசுக் கதையைச் சொல்வார்: காசு சேர்த்து ஒரு வயலின் வாங்கினேன், என் அப்பா அதை உடைத்துப்போட்டார் என்று. பையனுக்கு அது பலமுறை கேட்ட கதை. அழுகை இல்லை, குரலும் உயரவில்லை. 'அடக்கி வாசி' என்று நாம் சொல்கிறோமே, அதைச் சொல்லிக்கொடுக்க இந்த ஒரு காட்சி போதும்.

கிழக்கு ஜெர்மனியில் பேரும் புகழுமாக இருந்தவர் ஏன் நாட்டை விட்டுப் போனார்?
– வாசகி, பெரம்பூர்

1976 நவம்பரில் வோல்ஃப் பியர்மன் என்ற பாடகரின் குடியுரிமையைக் கிழக்கு ஜெர்மனி அரசு பறித்தது. அதைக் கண்டித்த கடிதத்தில் கையெழுத்திட்ட கலைஞர்களில் இவரும் ஒருவர். அதன்பின் வாய்ப்புகள் வற்றின, 1980-இல் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1973-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரில் அதே அரசின் உளவாளியாக நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாகியிருந்தார்.

சபா நாடகங்களில் நடிக்கிறேன். ஒரே அரங்கில் 25 வருஷம் எப்படி? அவரைப் போல மேடையிலிருந்து கேமராவுக்கு மாற என்ன பயிற்சி செய்யலாம்?
– வாசகர், அடையாறு

இங்கே பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை, வார இறுதியில் சபா. ஜெர்மன் பொது அரங்குகளில் நடிகர் மாதச் சம்பளக்காரர். இன்று ஒரு நாடகம், நாளைக்கு வேறொன்று என்று பல நாடகங்கள் மாறி மாறி நடக்கும். இன்றைக்குக் கதாநாயகன், நாளைக்குத் தட்டை எடுத்துவரும் வேலைக்காரன். குணச்சித்திர நடிகர்கள் விளைவது இந்த நிலத்தில்தான்.

பயிற்சிக்குச் செல்போன் போதும். கண் உயரத்தில், சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள், 2 மடங்கு ஜூம். கிட்டே வைத்துப் பிடித்தால் மூக்கு புடைத்துத் தெரியும், உங்கள் முகம் உங்களுக்கே பிடிக்காமல் போகும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். நான்கு வரி வசனம், மூன்று முறை: கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி ஒன்று, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி ஒன்று, சொல்ல வேண்டாம் என்று நினைத்தும் வாய்தவறி வந்துவிட்ட மாதிரி ஒன்று. பிறகு ஒலியை அணைத்துவிட்டு மூன்றையும் பாருங்கள். புருவம் எங்கே தேவையில்லாமல் ஏறுகிறது, கண் எங்கே வீணாகச் சிமிட்டுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. குரலைக் குறைக்கும்போது மூச்சையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறோம், வாக்கியத்தின் வால் அமுங்கிப்போகிறது. தமிழில் வினைச்சொல் இருப்பது அந்த வாலில்தான். 'நான் அவனை அந்த வீட்டில்...' என்பதற்கு மேல் கேட்காவிட்டால், பார்த்தேனா, அடித்தேனா? ஜெர்மனிலும் துணை வாக்கியங்களில் வினை கடைசியில்தான் வரும். முல்லர்-ஷ்டால் எவ்வளவு தணித்துப் பேசினாலும் கடைசிச் சொல்லை நழுவவிட மாட்டார். சத்தத்தைக் குறையுங்கள், மூச்சைக் குறைக்காதீர்கள்.

ஆங்கில உச்சரிப்பு அவருக்குத் தடையாக இல்லையா?
– வாசகி, அண்ணா நகர்

தடைதான், ஆனால் அதுவே பிழைப்பும் ஆனது. ஹங்கேரிக்காரர் ('மியூசிக் பாக்ஸ்'), போலந்து யூதர் ('ஷைன்'), லண்டனில் உணவகம் நடத்தும் ரஷ்ய மாஃபியாத் தலைவர் ('ஈஸ்டர்ன் ப்ராமிசஸ்', 2007) என்று குடியேறியவர் வேடங்களாக வந்து குவிந்தன. அந்த ரஷ்யர் ஒரு சிறுமியிடமிருந்து வயலினை வாங்கி வாசித்துக் காட்டும் காட்சியைத் தவறவிடாதீர்கள். கொலைகாரன் கையில் அத்தனை மென்மை இருப்பதுதான் பயமுறுத்துகிறது.

ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம். எது?
– வாசகர், தாம்பரம்

இயக்குநர் ஜிம் ஜார்முஷின் 'நைட் ஆன் எர்த்' (1991). ஐந்து ஊர், ஐந்து டாக்ஸி, ஐந்து கதை. இவர் நியூயார்க் பகுதியில் வருகிறார், டாக்ஸி ஓட்டும் பழைய கிழக்கு ஜெர்மன் சர்க்கஸ் கோமாளியாக. ஆட்டோமேட்டிக் கியர் பழக்கமில்லாததால் கார் குதித்துக் குதித்து நகர்கிறது, பொறுக்கமாட்டாமல் பயணியே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். இவர் பெயர் ஹெல்முட். 'ஹெல்மெட் என்று கூடவா பெயர் வைப்பார்கள்?' என்று பயணி சிரிக்கிறார். பயணியின் பெயரோ யோயோ, அதைக் கேட்டு இவர் சிரிக்கிறார். தமிழ் சப்டைட்டில் இல்லாவிட்டாலும் புரிந்துவிடும்.

கொசுறாக ஒரு தகவல்?
– வாசகர், திருவல்லிக்கேணி

'பொய்யன் ஜேக்கப்' கதை இரண்டு தடவை படமானது. 1975 கிழக்கு ஜெர்மன் படத்திலும் இவர் உண்டு, ராபின் வில்லியம்ஸ் நடித்த 1999 ஹாலிவுட் படத்திலும் உண்டு, வேறு வேடத்தில். இரண்டிலும் ஜேக்கப் இவர் இல்லை.