ஃபர்னஸ்காரரிடம் கேளுங்கள்: டொராண்டோ பனிக்கால வீட்டுக் கேள்விகள்

வணக்கம். டொராண்டோவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வீட்டு ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்), சுடுதண்ணீர் டேங்க் பழுது பார்ப்பதுதான் என் தொழில், பத்தொன்பது குளிர்காலம் ஆகிவிட்டது. வீட்டுச் சூடு, காற்று, குழாய் இவை பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். இமிக்ரேஷன், இருமல் மருந்து இரண்டுக்கும் ஆள் நானில்லை. ஆரம்பிக்கும் முன் ஒன்று: உங்கள் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் (ஆளைக் கொல்லும் அந்தப் புகை வாயு இருந்தால் கத்தும் பெட்டி) எங்கே இருக்கிறது என்று தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அதைத் தேடுங்கள், கேள்வி அப்புறம்.

கேள்வி (பிராம்ப்டன், முதல் குளிர்காலம்): அண்ணா, தெர்மோஸ்டாட்டை எத்தனையில் வைப்பது? 28 வைத்தால் சீக்கிரம் சூடாகுமா?

பகலில் 21, ராத்திரி 18 அல்லது 19. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் ராத்திரியும் குறைக்க வேண்டாம். 28 வைத்தால் சீக்கிரம் சூடாகாது. ஃபர்னஸ் கேஸ் அடுப்பு மாதிரி இல்லை, திருகத் திருகத் தீ பெரிதாவதற்கு. பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே வேகத்தில் எரியும், நீங்கள் சொன்ன இடம் வரும் வரை ஓடும், நிற்கும். 28 வைத்தால் 21-ஐத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும், வேர்த்துப்போய் யாராவது எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள், பில் மட்டும் ஏறும்.

கேள்வி: பனி கொட்டிய ராத்திரி ஃபர்னஸ் நின்றுவிட்டது. காலையில் தானாக ஓடியது. பேய் வேலையா?

பேய் இல்லை, குழாய். வீட்டின் பக்கவாட்டுச் சுவரில், தரையிலிருந்து கொஞ்சம் மேலே, இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்கிறது, இன்னொன்று புகையை வெளியே விடுகிறது. பனி அதை மூடினால், அல்லது காற்றோடு பறந்த பனி வாயில் அடைத்தால், ஃபர்னஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன பிரஷர் சுவிட்ச் அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். நிற்பதுதான் நல்லது, கோபப்படாதீர்கள். பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்க் கையால் பனியை விலக்குங்கள். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், பத்து நிமிஷத்தில் அதுவே ஐஸாகி இன்னும் மோசமாக அடைக்கும். அப்புறம் ஃபர்னஸ் சுவிட்சை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் என் மனைவி யாரிடமாவது சொல்லிவிடுவார். 2022 ஜனவரி 17, நகரத்தில் சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் பனி கொட்டிய நாள். காலையிலிருந்து போன் ஓயவில்லை, முப்பது பேருக்காவது "வெளியே போய்க் குழாயைப் பாருங்கள்" என்று சொல்லியிருப்பேன். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் வீடு 14 டிகிரி. பிள்ளைகள் இரண்டும் எங்கள் கட்டிலில், மேலே மூன்று கம்பளி, அதற்கு மேலே என் வேலைக் கோட்டு. மனைவி இருட்டில் கேட்டார்: "உங்களுக்கு நல்ல மெக்கானிக் யாரையாவது தெரியுமா?" நாள் முழுக்க ஊருக்குச் சொன்னேன், என் வீட்டுச் சுவர்ப் பக்கம் போகவே இல்லை.

கேள்வி (மார்க்கம்): ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, கீழே கறுப்பாகப் பூஞ்சை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் உதடு வெடிக்கிறது. ஈரம் அதிகமா, குறைவா?

நல்ல கேள்வி. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். வெளியே மைனஸ் 20 என்றால் அந்தக் காற்றில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை, அதை உள்ளே கொண்டுவந்து சூடாக்கினால் பாலைவனம்தான். அதனால் உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுளீர் என்று அடிக்கும். அதே நேரம் நம் சமையலைப் பாருங்கள்: குக்கர், சாம்பார், இட்லிப் பானை, எல்லாம் ஆவி. அந்த ஆவி வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடமான கண்ணாடியில் போய் உட்காரும். இதற்கு மேல் குளிக்கும் அறைக் கதவைத் திறந்துவைப்பதும், துணியை அறைக்குள் காயப்போடுவதும்.

பத்துப் பதினைந்து டாலருக்கு ஈரப்பத மீட்டர் கிடைக்கும், வாங்குங்கள். மைனஸ் 20-ல் 25 முதல் 30 சதவீதம் போதும், 45 வைத்தால் ஜன்னல் அழும். சமைக்கும்போது அடுப்புக்கு மேல் விசிறி, குளித்தபின் இருபது நிமிஷம் விசிறி. திரைச்சீலையைப் பகலில் விலக்கிவையுங்கள், சூடான காற்று கண்ணாடியைத் தொட வேண்டும். உதட்டுக்கு வாஸ்லைன். அதற்காக வீட்டையே ஊறப்போடாதீர்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரி?

மேலே பாருங்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ, பேஸ்மென்ட் வாடகை): மேலே வீட்டுக்காரர் டி-ஷர்ட்டில் இருக்கிறார், கீழே நாங்கள் மூன்று பேரும் ஸ்வெட்டரில். என்ன செய்யலாம்?

தெர்மோஸ்டாட் மேல்மாடியில் இருக்கும், அங்கே 21 ஆனதும் ஃபர்னஸ் நின்றுவிடும். பேஸ்மென்டில் சூடு வரும் துவாரங்கள் பெரும்பாலும் கூரையில் இருக்கின்றன, சூடான காற்று கீழே இறங்க மாட்டேன் என்கிறது. முதலில் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா, ஃபில்டர் மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரை வீட்டுக்காரர் மறந்திருப்பார், நான் போகும் பத்து வீட்டில் ஆறில் அது கம்பளி மாதிரித்தான் இருக்கும். பிறகு ஒரு தெர்மாமீட்டர் வைத்து மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். டொராண்டோ நகரச் சட்டப்படி குளிர்காலத்தில் வாடகைக்கு விட்ட இடம் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது. மரியாதையாகக் கேளுங்கள், நடக்காவிட்டால் நகராட்சியின் புகார் எண் 311.

அதுவரை ஹீட்டர் வைப்பதானால் நேரே சுவர் பிளக்கில் மட்டும், எக்ஸ்டென்ஷன் ஒயரில் வேண்டவே வேண்டாம். ஒரு ஹீட்டர் 1500 வாட். அதே லைனில் மைக்ரோவேவும் ஓடினால் பிரேக்கர் விழும். பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: ஃபர்னஸும் டேங்க்கும் உங்கள் பக்கத்து அறையில்தான். நீங்கள் தூங்கும் அறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல், கேஸ் கருவியோ விறகு அடுப்போ ஒட்டிய கராஜோ உள்ள வீட்டில் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும் என்று சட்டம். கேளுங்கள், கேட்க உரிமை இருக்கிறது.

கேள்வி: ஃபர்னஸ் இருக்கட்டும். இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இது என் துறை இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் சூடு சம்பந்தப்பட்டது, விட முடியவில்லை. 20 டிகிரியில் மாவு புளிக்க ஒரு நாள் முழுக்க ஆகும், 28-30 இருந்தால் ராத்திரி போதும். அவனுக்குள் (oven, பேக்கிங் அடுப்பு) வைத்து, கதவை மூடி, அவன் விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். பழைய குமிழ் பல்பு அந்தச் சூட்டைத் தரும். புதிய அவனில் எல்இடி இருந்தால் வெளிச்சம் வரும், சூடு வராது, மாவு அப்படியே இருக்கும்.

(இதற்கு வந்தவை, சுருக்கமாக.)

ஒருவர்: விளக்கெல்லாம் வேண்டாம், கல்லுப்பும் கையால் கலப்பதும்தான் முக்கியம். இன்னொருவர்: கையில் கிருமி, கரண்டி போதும், வெந்தயம் இருந்தால் சரி. ஸ்கார்பரோவிலிருந்து ஓர் அம்மா: "தம்பி, நாங்கள் யாழ்ப்பாணத்தில் தோசை மாவுக்கு இதெல்லாம் பார்த்ததில்லை, இங்கே வந்து இருபத்தெட்டு வருஷமாய் ஃபர்னஸ் அறையில், சுடுதண்ணி டாங்கிக்கு மேலே துவாய் சுற்றி வைக்கிறன், ஒரு நாளும் பிழை வந்ததில்லை." இதற்கு ஏழு பேர் கைதட்டி, நாங்களும் அப்படித்தான் என்கிறார்கள்.

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாவு நன்றாக வருகிறது, நம்புகிறேன். ஆனால் அந்த இடம் வேண்டாம். கேஸில் ஓடும் சுடுதண்ணீர் டேங்க்கின் உச்சியில் குடை மாதிரி ஒரு தகரம் இருக்கிறதல்லவா, அதன் அடியில் இடைவெளி விட்டிருப்பார்கள். புகை மேலே ஏற அந்த இடைவெளி வழியாக அறைக் காற்றையும் இழுக்க வேண்டும். அங்கே துவாய் சுற்றினால் புகை போக்கி வழியே ஏறாமல் அறைக்குள்ளேயே திரும்பும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று ஃப்ளூ மாதிரி இருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது, வெளியே போனால் சரியாகிவிடும், திரும்ப வந்தால் மறுபடி வரும். அப்படி இருந்தால் எல்லோரும் வெளியே, அப்புறம் 911. துவாய் தீப்பிடிப்பது தனிக் கதை.

அதே அம்மா திரும்பவும்: "இருபத்தெட்டு வருஷமாய் ஒன்றும் ஆகவில்லையே?" இதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. 2013 டிசம்பர் ஐஸ் புயலில் டொராண்டோவில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் போயின, கிறிஸ்துமஸ் வரை பல வீடுகளில் இருட்டு. அப்போது கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து இதே வாயுவில் மாட்டிக்கொண்டவர்களும் அதுவரை ஒன்றும் ஆகாதவர்கள்தான். அம்மா, அவன் விளக்கு. கெஞ்சிக் கேட்கிறேன்.

(இன்னொருவர்: அவனுக்குள் மாவு இருப்பது தெரியாமல் என் மாமியார் 200-ல் சூடேற்றிவிட்டார்.)

எல்லா வீட்டிலும் ஒரு முறை நடக்கும். அவன் பொத்தானில் ஒரு டேப் ஒட்டி "மாவு" என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறது, ஏன் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: தாளிக்கும் வாசம் விண்டர் கோட்டில் ஏறி, பள்ளியில் பிள்ளை கூச்சப்படுகிறான்.

கோட்டு அலமாரியின் கதவை மூடுங்கள், முடிந்தால் மாடி அறைக்கு மாற்றுங்கள். அடுப்பு விசிறி உண்மையில் வெளியே விடுகிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் அது வாசத்தை வடிகட்டி மறுபடி உங்கள் முகத்திலேயே ஊதும். எச்ஆர்வி (பழைய காற்றை வெளியே விட்டுப் புதுக் காற்றை உள்ளே இழுக்கும் இயந்திரம்) இருக்கும் வீடு என்றால் சமைக்கும்போது வேகத்தைக் கூட்டுங்கள். பிள்ளையிடம் என்ன சொல்வது என்பது உங்கள் வேலை. எங்கள் பையனும் இதே புகாருடன் வந்தான், இப்போது அவன் நண்பர்கள் சனிக்கிழமை தோசைக்கு வருகிறார்கள்.

கேள்வி: ஆள் இல்லாத அறைகளின் சூட்டுத் துவாரத்தை மூடினால் பில் குறையுமா?

குறையாது. அத்தனை அறைக்கும் சேர்த்துக் கணக்கிட்ட காற்று அது, நான்கை மூடினால் ஃபர்னஸ் மூச்சுத் திணறும். திறந்துவையுங்கள், சோபாவையும் அதன் மேல் போடாதீர்கள்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஐந்து வாரம் சென்னை போகிறோம். ஃபர்னஸை அணைத்துவிட்டுப் போகலாமா?

கூடாது! தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் போலப் பெருக்கும், செம்புக் குழாய் அதைத் தாங்காது. உறையும்போது வெடித்தது அப்போது தெரியாது, உருகும்போதுதான் கொட்டும், நீங்கள் அப்போது மயிலாப்பூரில் இருப்பீர்கள். ஃபர்னஸை 15-16-ல் வையுங்கள். தெருவிலிருந்து வரும் முக்கிய வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடித்துவிடுங்கள். தோட்டத்துக் குழாயின் உள்வால்வை அக்டோபரிலேயே மூடியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து உள்ளே வந்து பார்க்கச் சொல்லுங்கள், சுவர்க் குழாய் வாயையும்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும் என்று பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் நிபந்தனை உண்டு, பெட்டி கட்டும் முன் அதைப் படியுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த அப்பா, 68 வயது, பனி அள்ளியே தீருவேன் என்கிறார்.

இதயம் பற்றி டாக்டர் சொல்லட்டும். நான் பார்த்த வரை, குளிரில் கனமான பனியைத் தூக்குவது சும்மா வேலை இல்லை. உப்புத் தூவும் வேலையை அவரிடம் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார். மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, மணல் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு வைட்டமின் டி எத்தனை சொட்டு?

குழந்தை மருத்துவர்.

கேள்வி: அண்ணா, தெர்மோஸ்டாட் எத்தனை?

21. இருபத்தொன்று. மூன்றாவது முறை. தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

கேள்வி (அதே ஸ்கார்பரோ அம்மா): தம்பி, மாவை அவனுக்கு மாற்றிவிட்டன். மகன் அலாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தவன். பின்னால் 2019-க்குள் மாற்றவும் என்று போட்டிருக்கு. பச்சை லைட் எரியுதுதானே, பரவாயில்லையா?

இல்லை அம்மா. பச்சை லைட் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே வாயுவைக் கண்டுபிடிக்கும் பாகம் ஏழிலிருந்து பத்து வருஷத்தில் செத்துவிடும். இப்போது மணி ஏழு, ஹார்ட்வேர் கடை ஒன்பது வரை திறந்திருக்கும். மகனை இப்போதே அனுப்புங்கள், தளத்துக்கு ஒன்று வாங்கச் சொல்லுங்கள். வெளியே போகிற வழியில் சுவர்க் குழாயையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.