சோக்கை எடுத்ததும் அணையும் ஆர்எக்ஸ் 100: பைலட் ஜெட்டைப் பாருங்கள்

இரண்டு வருடம் சும்மா நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், சோக் (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டைச் சுத்தம் செய்தும் பலனில்லை என்கிறீர்கள். நண்பரே, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் தராமல் ஓடும்போது) மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. அதன் பக்கத்தில் உள்ளடங்கி இருக்கும், ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்தான் அடைத்திருக்கும். பெட்ரோல் காய்ந்து பிசினாகி அந்த மயிரிழைத் துளையை மூடிவிடும்.

அளவான ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். பித்தளை என்பதால் தலை சிதைந்தால் பெரிய தொல்லை. குண்டூசியால் குத்தவே வேண்டாம், துளை பெரிதாகிவிடும். கரண்ட் ஒயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழை போதும். ஆனால் ஜெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஐடில் காற்றைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் மெதுவாக உள்ளே முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு அதையும் எடுங்கள். அப்புறம் ஃப்ளோட் (பெட்ரோலில் மிதக்கும் பாகம்), ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கிளீனர் ஸ்ப்ரே அடித்தால், ஸ்லைடுக்கு (ஆக்சிலரேட்டர் திருகினால் மேலேறும் பாகம்) அருகே உள்ள சின்னத் துளை வழியாக அது பீய்ச்சிக்கொண்டு வெளியே வர வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நேரே கண்ணுக்குத்தான் வரும்.

பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வு முனையில் வளையத் தடம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பேக்கிங்கும் புதிதாகவே போடுங்கள்.

மாட்டும் முன், இஞ்சினோடு சேரும் ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அது வழியாகக் காற்று புகுந்து இதே கோளாறுதான் வரும். டூ ஸ்ட்ரோக்கில் கலவை மெலிந்து (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) ஓடினால் பிஸ்டன் சீஸ் ஆகி இறுகிவிடலாம், அதனால் தயவுசெய்து சரிசெய்யும்வரை சோக்கை வைத்துச் சமாளித்து ஓட்டாதீர்கள்.

ஏர் ஸ்க்ரூ கணக்கு தவறிவிட்டால் மெதுவாக முழுதும் உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பித்து, இஞ்சின் சூடானதும் ஐடில் சீராகும் இடத்தில் விடுங்கள்.