மச்சானுக்கு என்ன பதில் சொல்ல?

கேள்வி: லெந்து நாட்களில், அதாவது சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, எங்கள் வீட்டில் கறி, மீன் எடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் மச்சான், "லெந்து வேதத்துல எங்க இருக்கு? மனுஷன் போட்ட கட்டளைதானே?" என்று கேலி பேசுகிறார். பக்கத்து வீட்டிலோ ஆறு நாள் விரதம் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கிறார்கள். இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை முதலில் விட்டுவிடுங்கள். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். இடையில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அதனால் உபவாசக் கணக்கில் சேராது. அவர் தெரிந்து செய்கிறாரோ, நாக்குக்காகச் செய்கிறாரோ, கணக்கு அவர் பக்கம். மீன் விஷயமும் அப்படித்தான். கத்தோலிக்கரின் சுத்தபோசன ஒழுங்கில் விலக்க வேண்டியது இறைச்சியை மட்டுமே. கடற்கரை ஊரான உவரியில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் குழம்பு கொதித்தால் சட்டப்படி தப்பில்லை.

மச்சான் சொல்வது பாதி சரி. இயேசு வனாந்தரத்தில் 40 நாள் உபவாசித்தது வேதத்தில் இருக்கிறது. நாமும் வருஷாவருஷம் அப்படி இருக்க வேண்டும் என்ற கட்டளை இல்லை. சபை தானாக வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. ஆனால் நேற்று முளைத்ததல்ல. கி.பி. 325இல் நைசியாவில் ஆயர்கள் கூடிய சங்கத்தின் 5ஆம் விதியிலேயே இந்த நாற்பது நாள் பேசப்படுகிறது. டிசம்பர் 25ஐயும்தான் வேதம் சொல்லவில்லை. அன்றைக்கு மச்சான் வீட்டில் கேக் வெட்டுவதில்லை என்றால் அவர் வாதத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

இனி உங்களிடம் வருகிறேன். கறி எடுக்கவில்லை, சரி. அதற்குப் பதில் அடுப்பில் என்ன? கறி மசாலா அரைத்துப் போட்ட மீல்மேக்கர் குழம்பும் காளான் பிரியாணியும் என்றால், வீட்டில் எந்த வாய் எதை விட்டது? கறிக்கடைக்குக் கொடுக்காமல் மிஞ்சிய காசு எங்கே? ஈஸ்டருக்கு இரண்டு கிலோ சேர்த்து எடுக்கவா? நம் ஊர்ப்பக்கத்து ஆச்சிமார் உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு வைத்துக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரு பிடி, பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்த அவர்கள் தட்டில்தான் குறைந்தது. அதற்காக அவர்கள் யாரிடமும் போய் நியாயம் கேட்கவில்லை.

ஏசாயா 58ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி வாசியுங்கள். பசித்தவனுக்கு ஆகாரம் பகிர்வதே உபவாசம் என்று வருகிற இடம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குச் சற்று முன்னால், வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறவர்களைப் பற்றி ஒரு வசனம் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

மச்சானிடம் வாதாட வேண்டாம். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்குக் கூப்பிடுங்கள். அங்கே தியானிக்கிற, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தையும் வேதத்தில் இருக்கிறது, வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை.